எந்த ஊர் என்று கேட்காத அக்கா

"மெஸ்ஸுல எல்லாருகூடயும் ஒண்ணா உக்காந்து சாப்புடுவியா நீ? வுடுவாங்களா?"

ஓசூரில் வேலை கிடைத்ததைச் சொல்லப் போனபோது, என் அம்மா களை எடுக்கப் போகும் தோட்டத்துக்கார அம்மா இப்படிக் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே சந்தேகம். தக்காளிக் கூடையோடு நின்றிருந்த என் அம்மா, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என்னைப் பார்த்தாள். "காசு குடுத்தா வுடுவாங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். கெலமங்கலம் தாண்டி உள்ளே போகும் எங்கள் ஊரில், காலனியிலிருந்து டிப்ளமோ முடித்த முதல் பெண் நான். எங்கள் வீட்டில் பேருந்தின் பெயர்ப் பலகையைப் படிக்கத் தெரிந்த முதல் ஆளும் நான்தான். ஆனாலும் அந்தக் கேள்விக்கு அதைவிடத் திடமான பதில் என்னிடம் இல்லை என்பது பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அந்தப் பதிலை எனக்குத் தந்தது ஒரு மெஸ். அதை நடத்தியவரின் பெயர் எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எல்லோரும் அக்கா என்றார்கள். கர்நாடகா பக்கமிருந்து வரும் லாரிக்காரர்கள் கன்னடத்தில் அக்கா என்றார்கள், தக்காளி மண்டிக்காரர்கள் தெலுங்கில் அக்கா என்றார்கள், நாங்கள் தமிழில் அக்கா என்றோம். மூன்று மொழியிலும் அந்தச் சொல் ஒன்றுதான். அதனால் பெயரைக் கேட்க வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை.

மெஸ் தொழிற்பேட்டையின் பின்தெருவில், ஒரு லேத் பட்டறைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே இருந்தது. எங்கள் பக்கத்து மெஸ்களில் பலவற்றுக்கு வாசலில் ஒரு பெயர் இருக்கும், பெயரோடு ஒரு பட்டமும் இருக்கும். யார் சமைக்கிறார் என்பதைப் பலகையே பாதி சொல்லிவிடும். இங்கே ஒரு தகரத்தில் 'சாப்பாடு ரெடி' என்று மட்டும் மூன்று மொழியில் எழுதியிருந்தது.

உள்ளே மேசைகள் குறைவு, ஆட்கள் அதிகம். மதியத்தில் சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் நிற்பார். நாற்காலியின் முதுகில் கை வைத்துவிட்டால் அது அவருடைய இடம். முன்னால் இருப்பவர் மோருக்கு வந்துவிட்டாரா என்று எட்டி எட்டிப் பார்ப்பார்கள். முதல் நாள் என் கழுத்துக்குப் பின்னால் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு நின்றது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாரத்தில் நானும் இன்னொருவர் கழுத்துக்குப் பின்னால் அப்படித்தான் நின்றேன்.

அந்த நெரிசலுக்குள் அக்கா இடது கையில் வாளியும் வலது கையில் கரண்டியுமாகப் புகுந்து புறப்படுவார். புடவையைத் தூக்கிச் செருகியிருப்பார். காலில் கம்பெனி சேஃப்டி ஷூ. வேலையை விட்டுப் போன யாரோ கொடுத்தது. "தரை ஈரம். வழுக்கி வுழுந்தா நீங்களா வந்து ஆக்குவீங்க?" என்பார்.

முதல் நாள் என் இலைக்கு முன்னால் நின்று, "புதுசா?" என்றார்.

"ஆமாங்க. இங்கதான் கம்பெனியில குவாலிட்டில சேந்திருக்கேன். எங்க ஊரு கெலமங்கலம் பக்கம்..."

"ஊரையா கேட்டேன்? களியா, சோறா?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. நான் ஊரைச் சொல்லத் தயங்குகிறவள் இல்லை. கேட்டால் ஊர், தெரு, அப்பா பெயர் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், மறைத்தால்தான் கேவலம் என்று பாலிடெக்னிக்கில் படிக்கும்போதே முடிவு செய்திருந்தேன். இந்த அம்மாவுக்கு என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டேன். "களி" என்றேன். கருப்பு ராகிக் களி உருண்டையின் நடுவில் கரண்டியால் ஒரு குழி பண்ணி, பிதுக்கம்பருப்புக் குழம்பை அதில் ஊற்றினார். அவரைக்காய் சீசன் அது. ஊறவைத்த அவரைக்கொட்டையை ஒவ்வொன்றாகத் தோல் பிதுக்கி எடுத்துச் செய்யும் குழம்பு. திமிரை அந்தக் குழம்புக்காக மன்னித்துவிட்டேன்.

பிறகுதான் கவனித்தேன். என்னிடம் மட்டும் இல்லை, யாரிடமும் அவர் ஊர் கேட்பதில்லை. யாரையும் சொல்லவும் விடுவதில்லை. எங்கள் பக்கத்தில் ஊர் கேட்பது ஊரோடு நிற்காது. முதலில் எந்த ஊர், அடுத்து எந்தத் தெரு, அதற்கடுத்து யார் வீடு. மூன்றாவது கேள்வியில் ஆளை முழுதாக எடைபோட்டுவிடுவார்கள். ஒருமுறை அஞ்செட்டி பக்கத்திலிருந்து வந்திருந்த இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இரண்டாவது கேள்விக்குப் போவதற்குள் அக்கா கொதிக்கிற ரசத்தோடு நடுவில் வந்து நின்றார்.

"இலையப் பாருங்க. ரசம் சுடுது. பேசறதுக்கு வெளிய டீக்கடை இருக்கு."

"தெரிஞ்சவங்களான்னு பாத்தேங்க்கா" என்றார் ஒருவர்.

"தெரிஞ்சா என்ன, அவரு இலைல இருந்து எடுத்துத் துன்னுவீங்களா?"

மெஸ்ஸே சிரித்தது. அந்த இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

அவரிடம் யாராவது திருப்பிக் கேட்டால், "இதோ, இந்த அடுப்புப் பக்கம்தான்" என்று வாளியை நீட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அதனால் அவரை எல்லோரும் தங்கள் ஊர்க்காரர் ஆக்கிக்கொண்டார்கள். கன்னடக்காரர்களுக்கு "சாகா, இன்னூ பேக்கா?" தெலுங்குக்காரர்களுக்கு "சாலா, இங்கா காவாலா?" எங்களுக்குப் போதுமா, இன்னும் வேணுமா. ஒரே நடையில் மூன்று மேசைக்கு மூன்று மொழி. எதிலும் தடுக்காது. லாரிக்காரர்கள் அவர் ஆனேக்கல் பக்கம் என்றார்கள். மண்டிக்காரர்கள் எங்கள் சொந்தமாகத்தான் இருக்கும் என்றார்கள். பக்கத்து லேத் பட்டறை அண்ணன், சேலத்துக்காரர், சத்தியமே செய்வார்.

"இந்த ரசம் எங்கூரு ரசம்மா. எங்க ஆத்தா கைப்பக்குவம். அக்கா எங்க ஆளுதான். வேணும்னா பாரு."

"ஏக்கா, உங்க ரசத்தக் குடிச்சா என் மெஷினுக்கு ஆயிலே வேணாம் போல" என்று அவர் ஒருநாள் சொன்னதற்கு அக்கா, "அப்ப நாளைக்கு மெஷின அனுப்பு. நீ பட்டறையிலயே இரு" என்றார். லேத் அண்ணனுக்கு அதில் பெருமை. தன் வீட்டு ஆள் திட்டுவதுபோல் திட்டுகிறாராம்.

அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போயும் பார்த்ததில்லை. தெருவே காலியாக இருக்கும்போது, ஊருக்குப் போக முடியாத ஒரிசாப் பையன்களுக்கு வெண்பொங்கல் போட்டுக்கொண்டிருப்பார். "உங்க வூட்ல தேட மாட்டாங்களாக்கா?" என்று கேட்டேன். "பசிச்சவன்தான் தேடுவான். இன்னும் ஒரு கரண்டி வெக்கட்டுமா?" என்றார்.

என்னோடு அறையில் தங்கியிருந்த தோழி, அவளும் சேலம் பக்கம், "இந்த அக்காவுக்கு மனசுல ஏதோ இருக்குடி" என்பாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது வேறு. அந்த மெஸ்ஸுக்குள் நுழைந்தால் தோள் தானாகத் தளர்ந்தது. அடுத்த கேள்வி எப்போது வரும் என்று காது விறைத்துக்கொண்டிருக்கவில்லை. பதில் தயாராக வைத்திருப்பதும் ஒரு சுமைதான் என்பது, அதை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்தபோதுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் நல்ல கூட்டம். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய நாற்காலியின் முதுகில் என் கை இருந்தது. அக்கா குழம்பு வாளியோடு வந்தார். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார், மறுபடியும் பார்த்தார். பிறகு சந்தோஷமாக, ஆமாம், சந்தோஷமாகத்தான், ஒரு பெயரைச் சொன்னார். அக்காவின் அப்பா பெயர். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"நீ அவன் மவதானே? ஜவளகிரி, காலனியில கடைசி வூடு. நம்ம கொட்டாயில சாணி வாரிக்கிட்டு இருந்தியே. அடையாளமே தெரியல போ."

அவர் குரல் பெரிய குரல். தோட்டத்தில் தூரத்து ஆளைக் கூப்பிட்டுப் பழகிய குரல். மெஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அக்கா ஒரு நொடிகூட எடுக்கவில்லை. "ஆமாங்க. அந்தப் பொண்ணுதான். குழம்பு ஊத்தட்டுமா, ரசத்துக்குப் போறீங்களா?"

அவர் நினைத்திருந்தால் இல்லை என்றிருக்கலாம். மூன்று மொழி தெரிந்தவருக்கு ஒரு பொய்யா வராது? இதுவரை அவரிடம் யாரும் இப்படி அப்பா பெயரைச் சொல்லி நேராகக் கேட்டதில்லை, கேட்டதும் சொல்லிவிட்டார். அவ்வளவுதான்.

பெரியவர் இலையின்மேல் கையை விரித்து மறைத்தார். "போதும், போதும். காலைல இருந்தே வயிறு ஒரு மாதிரியா இருக்குது." பாதிக் களி அப்படியே இருந்தது. எழுந்து கை கழுவினார். போகும்போது "நல்லா இரு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் எழுந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்துவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். மற்ற நாற்காலிகளின் முதுகிலிருந்து கைகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டிருந்தன. ஒருவர் போனை எடுத்துக் காதில் வைத்தபடி வெளியே போனார். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். முன்னால் சாப்பிட்டவர்கள் எழுந்தார்கள். அவர்களுக்குப் பிறகு யாரும் உட்காரவில்லை. பரபரப்பான மதிய நேரத்தில் அந்த மெஸ்ஸில் காலி நாற்காலிகளை அன்றுதான் பார்த்தேன்.

அதன்பிறகு யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. இதை நான் எழுதியாக வேண்டும். யாராவது சத்தம் போட்டிருந்தால் அக்கா திருப்பிச் சத்தம் போட்டிருப்பார், அவருக்கு வாய் இல்லாமல் இல்லை. ஆனால் எல்லோரும் மரியாதையாகவே போனார்கள். ஷிப்டு மாறிவிட்டது என்றார்கள். ரூமிலேயே குக்கர் வாங்கிவிட்டோம் என்றார்கள். டாக்டர் காரம் சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். லாரிக்காரர்கள் ஆனேக்கலைப் பற்றிப் பேசவில்லை. மண்டிக்காரர்கள் சொந்தத்தைப் பற்றிப் பேசவில்லை. பெரிய அண்டாவில் வடித்த சோறு மீந்து, பஞ்சர் கடைப் பக்கம் நாய்கள் கொழுத்தன.

என் தோழியும் வரவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லடி. எங்க வூட்ல தெரிஞ்சா சங்கடம்" என்றாள்.

"எங்கம்மா போட்ட ஊறுகா உனக்குப் பிடிக்குமே. டப்பாவுல பாதிய நீதானே காலி பண்றே" என்றேன்.

"அதுக்கு என்ன?"

"நானும் காலனிதான். நீ கேக்கல. அதனால சொல்லல."

அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். "நீ வேற, நாம ஃபிரெண்ட்ஸ்" என்றாள். அன்றைக்கும் ஊறுகாய் எடுத்துக்கொண்டாள், நிறையவே எடுத்துக்கொண்டாள். நான் பார்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டே எடுத்தாள்.

லேத் அண்ணன் மட்டும் வந்தார். உள்ளே உட்காராமல் பார்சல் வாங்கினார். பட்டறையில் மற்றவர்கள் எதிரில் அதைப் பிரித்தாரா என்பது எனக்குத் தெரியாது. ஒருநாள் வாசலிலேயே நின்று, வெகுநேரம் யோசித்துவிட்டு, "அக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "எங்கூருல தெரிஞ்ச மாஸ்டர் ஒருத்தரு இருக்காரு. கூட்டியாரேன். அவரு ஆக்கிப் போடட்டும். நீங்க கல்லாவுல உக்காந்துக்கங்க. கடை உங்களுதுதான். எல்லாரும் திரும்பி வந்துருவாங்க."

"நான் ஆக்குனா?"

"உங்க நல்லதுக்குத்தாங்க்கா சொல்றேன்."

"எனக்குத் தெரியும்பா, நல்லதுக்குத்தான்" என்றார் அக்கா.

லேத் அண்ணன் சொன்னது பலித்தது. அதுதான் இதில் எனக்குத் தாங்க முடியாதது. மாஸ்டர் வந்தார், கூட்டமும் வந்தது. அதே மேசைகள், அதே தகரம், நாற்காலி முதுகுகளில் மறுபடியும் கைகள். கம்பெனிக்காரர்களுக்கு ஷிப்டு மறுபடியும் மாறிவிட்டது போல. காரம் எல்லோருக்கும் ஒத்துக்கொண்டது. குழம்பு ஒன்றும் விசேஷமில்லை. பிதுக்கம்பருப்பு மாஸ்டருக்கு வரவில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

அக்கா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்து பழகாதவர் என்பது பார்த்தாலே தெரியும். காலில் ஷூவுக்குப் பதில் ரப்பர் செருப்பு. ஈரத்தில் நடக்கிற வேலைதான் இல்லையே. லேத் அண்ணன் கை கழுவிக்கொண்டு வந்து, "பாத்தீங்களாக்கா, எப்பிடிக் கூட்டம்?" என்றார். "பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றார் அக்கா. அண்ணன் மனதார மகிழ்ந்தார். அவர் நல்லவர். அவரை வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏங்க்கா இதுக்கு ஒத்துக்கிட்டீங்க?" என்று ஒருநாள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"நான் போட்டா வர மாட்டேங்கறாங்க. போடலைன்னா வராங்க. எனக்குக் கடை வேணும் புள்ள. வேற என்ன தெரியும் எனக்கு?"

அப்போது உள்ளேயிருந்து யாரோ தண்ணீர் கேட்டார்கள். மாஸ்டர் அடுப்படியில் இருந்தார். அக்கா பழக்கத்தில் எழுந்து, ஜக்கை எடுத்துக்கொண்டு, அந்த மேசைக்குப் போனார். அங்கே இருந்தவர் டம்ளரின் வாயைக் கையால் மூடிக்கொண்டார். வெகு பணிவாக, "நீங்க எதுக்குங்க்கா செரமப்படறீங்க. மாஸ்டர் வரட்டும், அவசரமில்ல" என்றார்.

அக்கா ஜக்கை மேசையில் வைக்கவில்லை. அதையும் அவர் தொடமாட்டார் என்று நினைத்தாரோ என்னவோ. திரும்பக் கொண்டுவந்து, கல்லாவுக்குக் கீழே, தன் காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்கு எந்த ஊரு?"

யாரிடமும் கேட்காதவர் கேட்டார். ஊரைச் சொன்னேன். காலனியைச் சொன்னேன். என் அப்பா பெயரைச் சொன்னேன். மூன்று கேள்விக்குமான பதிலை ஒன்றாகச் சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"உங்கம்மா என்ன நல்லா ஆக்குவாங்க?"

"கீரைக் கடைசல். புளிச்ச கீரை. களிக்கு அதுதான் வெப்பாங்க."

"நெறைய பூண்டு தட்டிப் போடுவாங்களா?"

"ஆமாங்க்கா."

"எனக்கு ஒருத்தர் போட்டு நான் உக்காந்து துன்னு எவ்ளோ காலம் ஆச்சு" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஏதோ கணக்குப் பார்க்கிறவர் மாதிரி சொன்னார்.

"ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வாங்கக்கா. நான் ஊருக்குப் போறேன். பஸ் ஏறி வந்துட்டா நான் ஸ்டாப்புல நிப்பேன்."

"வரேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வாசலைக் கூட்டி, களி கிண்டி, கீரை கடைந்து வைத்தாள். தன் மகளுக்கு ஊர்பேர் தெரியாத இடத்தில் இலை போட்டவருக்காக என்று கோழிக் குழம்பும் வைத்தாள். நான் காலைப் பேருந்துக்கும் நின்றேன், மதியப் பேருந்துக்கும் நின்றேன். அதற்கப்புறம் எங்கள் ஊருக்குப் பேருந்து சாயங்காலம்தான். அதிலும் அவர் வரவில்லை. "ஏதாவது வேலை வந்திருக்கும்" என்று அம்மா சொல்லிவிட்டு, களியைத் தண்ணீரில் போட்டு வைத்தாள்.

திங்கட்கிழமை கல்லாவில் மாஸ்டரின் மைத்துனர் உட்கார்ந்திருந்தார். கடையைக் கைமாற்றிவிட்டுப் போய்விட்டாராம். எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "கர்நாடகா பக்கம் போறேன்னாங்க" என்றார் லேத் அண்ணன். "அத்திப்பள்ளியோ சந்தாபுரமோ. புது எடத்துல ஆக்கிப் போடப் போறாங்க போல. இங்க என்ன கொறை வெச்சோம், சொல்லு. எல்லாரும் திரும்பி வந்தாங்கல்ல?" அவர் கண் கலங்கியிருந்தது.

விடுமுறை நாட்களில் அத்திப்பள்ளிக்கும் சந்தாபுரத்துக்கும் பஸ் ஏறிப் போய், தெருத்தெருவாக மெஸ்களில் எட்டிப் பார்த்திருக்கிறேன். யாரைத் தேடுகிறாய் என்று கேட்டால் சொல்ல ஒரு பெயர் என்னிடம் இல்லை. அக்கா என்றேன். அங்கேயும் எல்லா மெஸ்ஸிலும் ஒரு அக்கா இருந்தார். ஒருவேளை அவர் இருக்கும் இடம் எனக்குத் தெரியாமல் இருப்பதுதான் அவருக்கு நல்லது என்று நினைத்து, தேடுவதை விட்டுவிட்டேன். என்னைப் பார்த்தால் அங்கேயும் யாராவது, "இந்தப் புள்ள உங்களுக்கு எப்பிடித் தெரியும்? எந்த ஊரு?" என்று ஆரம்பிப்பார்கள்.

ஆனால் அவர் அடைத்து வைத்த கேள்வியை நான் அடைத்து வைக்கப் போவதில்லை. அவரால் முடிந்தது அது. எனக்குப் படிப்பு இருக்கிறது, மாதச் சம்பளம் இருக்கிறது, நான் சமைக்காவிட்டாலும் என் வேலை போகாது. அதனால் என்னால் முடிந்தது வேறு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு. காரணம் கேட்டவர்களுக்கு, வேலை நிரந்தரம் ஆனதற்கு என்று சொன்னேன். பொய் இல்லை, நிரந்தரம் ஆகியிருக்கிறது. எங்கள் லைனில் வேலை செய்யும் எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறேன். என் தோழியையும், லேத் அண்ணனையும்கூட. நேற்று மதியம், இதற்கென்று தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் ஊரின் பெயரை எழுதி, அதற்குக் கீழே 'காலனி, மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால், எங்கள் அம்மா சமையல்' என்று எழுதி, எங்கள் வீட்டு லொக்கேஷனையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அம்மா பக்கத்து வீட்டில் பெரிய அண்டா கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள்.